விழுவது விதி அல்ல: எந்த வயதில், எதனால் விழுகிறோம்?
(குழுக் கூட்டத்தில் படித்துப் பேசுவதற்கான பாடம்)



நம் குழுக்களின் கடன் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், "கடன் வாங்கிய காரணம்" என்ற இடத்தில் "ஆஸ்பத்திரிச் செலவு" என்று பல வரிகள் இருக்கும். என்ன ஆஸ்பத்திரிச் செலவு என்று கேட்டால், "மாமியார் வழுக்கி விழுந்துட்டாங்க", "பையன் மாடியில இருந்து விழுந்துட்டான்", "அவரு சாரத்துல இருந்து விழுந்துட்டாரு" என்ற பதில்தான் அடிக்கடி வருகிறது. மாடு வாங்க, கடை வைக்க என்று சேர்த்த சேமிப்பு, ஒரு நொடியில் விழுந்த விழுக்காட்டுக்குப் போய்விடுகிறது. கடனுக்கு மேலே, படுத்தவரைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பதும் பெரும்பாலும் நாம்தான்.

பாம்புக்கடி, காய்ச்சல் என்றால் பயப்படுகிறோம். கீழே விழுவதை மட்டும் "கெட்ட நேரம்", "கெரகம்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்ததால் இறக்கிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இதில் 100-க்கு 80 பேருக்கு மேல் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருப்பவர்கள்.

விழுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் வயதுக்கு வயது மாறும். காரணம் தெரிந்தால் பாதியைத் தடுத்துவிடலாம். இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

1. கைக்குழந்தை முதல் 5 வயது வரை

இந்த வயதுக் குழந்தைக்குத் தலை பெரிது, உடம்பு சிறிது. அதனால் எங்கே விழுந்தாலும் தலைதான் முதலில் அடிபடும். ஆபத்து என்றால் என்ன என்றும் அதற்குத் தெரியாது. நேற்றுவரை புரளாத குழந்தை இன்று புரளும். "இன்னும் குப்புற விழலையே" என்று கட்டிலில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகும்போதுதான் விழுகிறது.

எங்கே விழுகிறார்கள்? கட்டில், நைந்த சேலையில் கட்டிய தூளி, கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி, திறந்த தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் இல்லாத கிணறு.

என்ன செய்யலாம்?
- தனியாக விட்டுப் போவதென்றால் குழந்தையைத் தரையில் பாய் விரித்துப் போடுங்கள். அதைவிடக் கீழே விழ இடமில்லை.
- தூளிச் சேலையையும் கயிற்றையும் வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தூளியைத் தரையை ஒட்டித் தாழ்வாகக் கட்டுங்கள். அடியில் ஒரு மெத்தையோ மடித்த போர்வையோ போடுங்கள்.
- மாடிப்படிக்குக் கீழே ஒரு படல் அல்லது பலகை வைத்து மறியுங்கள்.

ஆழ்துளைக் கிணறு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை ஒன்று பயன்படாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நான்கு நாள் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. ஆனால் அதற்கு 9 ஆண்டுகளுக்கு முன்பே, 2010-ல், உச்ச நீதிமன்றம் இதற்கு வழிமுறை வகுத்திருந்தது. கைவிட்ட குழியைக் களிமண், மணல், கல் போட்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை மூட வேண்டும் என்பது அதில் ஒன்று. மேலே ஒரு சாக்கையோ தகரத்தையோ போட்டு வைத்தால் அது மூடியதாக ஆகாது. உங்கள் ஊரில் அப்படி ஒரு குழி இருந்தால் நிலத்துக்காரரிடம் சொல்லுங்கள். கேட்காவிட்டால் ஊராட்சியில் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். தனியாகப் போக வேண்டாம், குழுவாகப் போங்கள்.

2. பள்ளிக்கூட வயது: 6 முதல் 14 வரை

ஓடும் வயது, ஏறும் வயது. மரம், மாடி, சுவர், டிராக்டர் டிரைலர் என்று ஏறாத இடம் இல்லை. ஓடக்கூடாது என்று பிள்ளையைக் கட்டிவைக்க முடியாது, கட்டிவைக்கவும் கூடாது. ஓடி விளையாடினால்தான் எலும்பு உறுதியாகும். விளையாடும் இடத்தைத்தான் நாம் சரிசெய்ய வேண்டும்.

மாடி போட்ட வீடுகள் இப்போது ஊருக்குள் நிறைய வந்துவிட்டன. பணம் தீர்ந்துபோவதால் கைப்பிடிச் சுவரை "அப்புறம் கட்டிக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். வெயில் காலத்தில் பிள்ளைகள் அதே மாடியில்தான் படுக்கிறார்கள். தூக்கத்தில் எழுந்து நடக்கும்போது ஓரம் தெரியாது. வீடு கட்டக் கடன் கேட்கும் உறுப்பினரிடம், கைப்பிடிச் சுவரையும் மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லிக் குழு கேட்க வேண்டும். அதுவரை மாடியில் படுக்க வேண்டாம்.

முருங்கை மரத்தில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். அதன் கிளை வளைந்து எச்சரிக்காது, சட்டென்று முறியும். தொரட்டிக் கம்பு இருக்கிறது, அது போதும்.

3. உழைக்கும் வயது ஆண்கள்

இந்த வயதில் விழுவது பெரும்பாலும் தொழிலோடு வருகிறது. பனை, தென்னை ஏறுபவர்கள், புளி உலுக்குபவர்கள், சாரத்தில் நிற்கும் கொத்தனார், பெயிண்டர், கூரை மேயப் போகிறவர்கள். சிமெண்ட் ஷீட் கூரை ரொம்ப மோசம். பார்க்க உறுதியாகத் தெரியும், கால் வைத்தால் உடையும். ஷீட்டின் மேல் நேராகக் காலை வைக்காமல், சட்டத்தின் மேல் குறுக்காகப் பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும்.

உயரத்தில் ஏறும் வேலை செய்பவர் இடுப்பில் பாதுகாப்புப் பட்டை கட்ட வேண்டும். "இத்தனை வருசமா ஏறுறேன், எனக்குத் தெரியாதா" என்பார்கள். அனுபவம் இருப்பவருக்கும் மழையில் மரம் வழுக்கும், குளவி கொட்டும், மயக்கம் வரும்.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் பேசுவோம். அது குடி. குடித்துவிட்டு மாடியில் படுப்பது, வண்டி ஓட்டுவது, இரவில் கிணற்று மேட்டு வழியாக வருவது ஆகியவற்றால் விழுந்து, முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்த இளைஞர்களை நாங்கள் களப்பணியில் பார்த்திருக்கிறோம். அந்தக் குடும்பத்துப் பெண்ணின் வாழ்க்கையும் அன்றைக்கே மாறிவிடுகிறது.

4. நாம்: 18 முதல் 45 வயதுப் பெண்கள்

நமக்குத் தண்ணீர்க் குடம், பாசி படிந்த குழாயடி, வரப்பு, விறகுக் கட்டு என்று எல்லாமே ஆபத்துதான். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம் என்று போகும்போது கால் வழுக்கினால் ஊன்றுவதற்குக் கை இருக்காது. குழாயடிப் பாசியை வாரம் ஒருநாள் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவ, முறை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது இருசக்கர வண்டி. பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் குழந்தை, மறுகையில் பை. வேகத்தடை தெரியாமல் வண்டி தூக்கிப் போடும்போது பின்னால் இருக்கும் பெண்தான் தூக்கி எறியப்படுகிறாள், பின்மண்டை அடிபடுகிறது. சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்குவது இன்னொன்று. பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடி, கால்வைக்கும் இடம், சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் மறைப்பு மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும் என்று 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. அழகுக்காக அந்த மறைப்பைக் கழற்ற விடாதீர்கள். முந்தானையை இடுப்பில் செருகுங்கள். முடிந்தால் இருபக்கமும் கால் போட்டு உட்காருங்கள், ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும்.

ரத்தசோகை இருந்தால் எழுந்தவுடன் கண் இருட்டும். அப்படி இருட்டினால் "பசி மயக்கம்" என்று விடாமல் ரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு வயிறு முன்னால் வருவதால் உடம்பின் சமநிலை மாறும், காலடியும் கண்ணுக்குத் தெரியாது. கர்ப்பிணி விழுந்துவிட்டால், வெளியில் காயம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தப்போக்கு, வயிற்று வலி, நீர் போவது, குழந்தை அசைவு குறைவது இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

5. 45 வயதுக்கு மேல்: எலும்பு தேயும் காலம்

மாதவிடாய் நின்ற பிறகு சில ஆண்டுகளுக்குப் பெண்களின் எலும்பு வேகமாகப் பலம் இழக்கிறது. எலும்பைக் காக்கும் ஹார்மோன் குறைவதுதான் காரணம். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்களுக்கு இந்தத் தேய்மானம் 35, 40 வயதிலேயே தொடங்கிவிடும். நம் குழுக்களில் அப்படி ஆபரேஷன் ஆனவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். எலும்பு தேய்வது வெளியில் தெரியாது, வலிக்காது. லேசாகக் கையூன்றி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தால், அதுதான் முதல் அறிவிப்பு. கட்டுப் போட்டதோடு விடாமல், எலும்பின் பலத்தைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

கேழ்வரகு, எள்ளு, முருங்கைக்கீரை, பால், மோர், முள்ளோடு தின்னும் நெத்திலி இவற்றில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நல்லதை எல்லாம் மற்றவர்களுக்குப் போட்டுவிட்டு நாம் பழையதைச் சாப்பிடும் பழக்கம் எலும்பில்தான் போய் முடிகிறது.

6. 60 வயதுக்கு மேல்

விழுந்து இறப்பவர்களில் அதிகம் பேர் இந்த வயதுக்காரர்கள்தான். 65 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 28 முதல் 35 பேர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. "வயசாயிடுச்சு, அதான் விழுந்தாங்க" என்பது பதில் ஆகாது. காரணங்கள் தனித்தனியாக இருக்கின்றன:

- தொடைச் சதை பலம் குறைவது. கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை என்றால் இதுதான் அடையாளம்.
- கண்புரை. அரசு மருத்துவமனையில் இதற்கு இலவச ஆபரேஷன் உண்டு.
- சர்க்கரை நோய். பாதத்தில் உணர்வு போய்விடுவதால் தரை மேடா பள்ளமா என்றே கால் அறியாது.
- மாத்திரைகள். பிரஷர் மாத்திரை போடுபவர் திடீரென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். தூக்க மாத்திரை போட்டவர் தள்ளாடுவார். இதற்காக மாத்திரையை நாமே நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார்.
- இரவில் சிறுநீர் கழிக்க அவசரமாக எழுந்து போவது. கக்கூஸ் வெளியில், விளக்கு இல்லை, வழியில் நாய் படுத்திருக்கும்.
- உயரமான நிலைப்படி, ஈரமான டைல்ஸ் தரை, சுருண்ட பாய், தேய்ந்த ரப்பர் செருப்பு, காலைத் தடுக்கும் நீண்ட சேலை.
- முன்பே ஒருமுறை விழுந்திருப்பது. ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம்.

ஒரு குழு உறுப்பினரின் மாமியார், விடியற்காலையில் கொல்லைக்குப் போகும்போது இரண்டு முறை விழுந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "ஒரு இடத்துல உக்காருங்க" என்று திட்டுவார்கள் என்ற பயம். மூன்றாவது முறை இடுப்பு எலும்பு முறிந்த பிறகுதான் முதல் இரண்டும் வெளியே வந்தன. பெரியவர்கள் விழுந்ததைச் சொன்னால் திட்டாதீர்கள். எங்கே, எந்த நேரத்தில், எழும்போதா நடக்கும்போதா என்று பொறுமையாகக் கேளுங்கள். அந்தப் பதிலில்தான் மருந்து இருக்கிறது.

ஒரே இடத்தில் உட்கார வைப்பதும் தீர்வு இல்லை. உட்கார உட்காரத் தொடை இன்னும் மெலியும், இன்னும் சீக்கிரம் விழுவார்கள். சுவர் ஓரமாக உறுதியான நாற்காலி போட்டு, பக்கத்தில் ஆள் நின்றுகொண்டு, உட்கார்ந்து எழுவதைக் காலை மாலை முடிந்த அளவு செய்யச் சொல்லுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பதும் நல்லது. படுக்கையில் இருந்து எழும்போது முதலில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து நிற்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தருவதும் சேர்க்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுக்களில் இருந்து வந்தவர்கள்தான். உங்கள் ஊருக்கு வருபவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

விழுந்த உடனே என்ன செய்வது?

நாலு பேர் சேர்ந்து கையைக் காலைப் பிடித்துத் தூக்குவதுதான் நாம் செய்யும் முதல் காரியம். அதுதான் ஆபத்து. உயரத்திலிருந்து விழுந்தவருக்குக் கழுத்திலோ முதுகிலோ முறிவு இருந்தால், தவறாகத் தூக்குவதாலேயே கை கால் செயலிழக்கலாம். அசைக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். தவிர்க்க முடியாமல் மாற்ற வேண்டுமென்றால், தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பலகையில் கிடத்தித் தூக்குங்கள்.

- சோடா, காபி, தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்கத்தில் மூச்சுக்குழாயில் போய்விடும்.
- தலையில் அடிபட்டவர் மறுபடி மறுபடி வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் எழாவிட்டால், காது மூக்கில் ரத்தமோ நீரோ வந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரி.
- இதய நோய்க்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர் தலையில் லேசாக இடித்துக்கொண்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். வயதானவர்களுக்குச் சில வாரம் கழித்துக்கூட மூளைக்குள் ரத்தம் தேங்கி, பேச்சுக் குழறலாம், நடை தள்ளாடலாம்.
- பெரியவர் விழுந்தபின் எழுந்து நிற்க முடியாமல், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிவாக இருக்கலாம். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். தாமதித்தால் படுக்கைப்புண், நிமோனியா வந்து உயிருக்கே முடியும்.
- பிள்ளைகளுக்கு முழங்கையில் அடிபட்டால் இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள். கட்டுக்குக் கீழே விரல் வீங்கி, சில்லிட்டு, நீலமாகி, விரலை நீட்டும்போது வலியில் அலறினால் ரத்த ஓட்டம் தடைப்படுகிறது என்று அர்த்தம். சில மணி நேரம் விட்டாலே கை நிரந்தரமாகச் சுருங்கிப்போகும். எந்தக் கட்டாக இருந்தாலும் உடனே பிரிக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பணத்துக்குப் பாதுகாப்பு

2015-ல் தொடங்கிய பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு, வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு. 2022 ஜூன் முதல் இதன் பிரீமியம் ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் 2 லட்சம். இரண்டு கண் அல்லது இரண்டு கை, கால் செயலிழந்தால் 2 லட்சம். ஒன்று என்றால் 1 லட்சம். எலும்பு முறிவு வைத்தியச் செலவுக்கு இதில் பணம் வராது, அதற்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்து வைத்திருங்கள்.

இரண்டு விஷயம் மறக்க வேண்டாம். ஒன்று, காப்பீட்டு ஆண்டு ஜூன் 1-ல் தொடங்கும். மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் புதுப்பிக்காமல் போகும். இரண்டு, மரத்திலிருந்து விழுவது போன்ற விபத்துக்கு உடனே ஆஸ்பத்திரியில் காட்டிய பதிவு வேண்டும். "எப்படி அடிபட்டது" என்று டாக்டர் கேட்கும்போது "மரத்துல இருந்து விழுந்தார்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிச் சீட்டில் எழுத வையுங்கள். "சும்மா வலி" என்று சொல்லிவிட்டால் பின்னால் குடும்பத்துக்குச் சேர வேண்டியது சேராது.

கட்டட வேலைக்கும் மரமேறும் தொழிலுக்கும் நல வாரியங்கள் உண்டு. பதிவு செய்திருந்தால்தான் உதவி கிடைக்கும், பதிவைப் புதுப்பித்தும் வைக்க வேண்டும்.

குழுவில் பேச வேண்டிய கேள்விகள்

1. போன ஒரு வருடத்தில் நம் உறுப்பினர் வீடுகளில் யார் யார் விழுந்தார்கள்? என்ன வயது? எந்த இடத்தில்?
2. அதில் எதையெல்லாம் தடுத்திருக்கலாம்? அதற்கு என்ன செலவு ஆகியிருக்கும்? வைத்தியத்துக்கு என்ன செலவு ஆனது?
3. நம் ஊரில் மூடாத ஆழ்துளைக் குழி, சுவரில்லாத கிணறு, எரியாத தெருவிளக்கு எங்கெங்கே உள்ளன?
4. யார் வீட்டு மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை?
5. விபத்துக் காப்பீடு எத்தனை பேருக்கு இருக்கிறது? எத்தனை பேருக்கு இல்லை?

இந்த மாதம் செய்ய வேண்டியது

ஒவ்வொருவரும் இன்று இரவே வீட்டில் பெரியவர் படுக்கும் இடத்திலிருந்து கக்கூஸ் வரை விளக்கை அணைத்துவிட்டு மெதுவாக, சுவரைப் பிடித்தபடி நடந்து பாருங்கள். உங்கள் கால் எங்கே தடுக்குகிறதோ, கை எங்கே பிடிமானம் தேடுகிறதோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பல்பு, சுவரில் ஒரு கம்பி, தரையில் சொரசொரப்பான கல் இவற்றில் எது வேண்டுமோ அதைச் செய்யுங்கள். கையில் காசு இல்லை என்றால் இதற்குச் சிறுகடன் கேட்கலாம். மாடு வாங்கக் கொடுக்கும் குழு, கம்பி பதிக்கவும் கொடுக்கும்.

யார் வீட்டில் என்ன மாற்றினீர்கள் என்று தீர்மான நோட்டில் பெயரோடு எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு உங்கள் பிரதிநிதி மூலம் கொடுத்து அனுப்புங்கள்.